அந்த மூன்று மரமும் நிற்கட்டும்

அன்புள்ள மகனுக்கு நைனா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் சுகம். சினையாடு போன வாரம் ரெட்டைக்குட்டி போட்டது.

கொல்லை ஓரத்துக் கருவேல மரம் மூன்றையும் விறகுக்குக் கொடுத்துவிட்டு, அந்தப் பணத்தில் தீவனம் வாங்கச் சொன்னாய். போனில் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. அந்த மரமே தீவனம்தான், கண்ணு.

இப்போது சித்திரை. மல்லாட்டைக் கொடி, அதாவது காயவைத்த நிலக்கடலைக் கொடி, தீர்ந்துவிட்டது, கொல்லையில் பச்சை என்று ஒன்றும் இல்லை. இந்த நேரம் பார்த்துத்தான் கருவேலங்காய் முற்றி உதிர்கிறது. சாம்பல் வெள்ளையாக, ஒவ்வொரு கொட்டைக்கும் இடையில் நெறித்துக் கட்டியது போல, பாசிமணிச் சரம் மாதிரி இருக்கும். துரட்டியால் கிளையை உலுக்கினால் அந்தச் சலசலப்புக்கு ஏரிக்கரையில் மேய்கிற ஆடுகூட ஓடி வரும். ராத்திரி அசைபோடும்போது கொட்டையைத் துப்பிவிடும். விடிந்து பட்டியைப் பெருக்கினால் முறம் நிறையக் கொட்டைதான்.

நூறு கிலோ வைக்கோலில் புரதம் 3, 4 கிலோதான் தேறும். கருவேலங்காயில் 12 கிலோ அளவுக்கு இருக்கிறது. கடலைப் புண்ணாக்கில் 40க்கு மேல், அது வேறு கணக்கு; விலையும் வேறு. காய்ந்த புல்லையே கடித்துக்கொண்டிருக்கும் ஆட்டுக்கு இந்தக் காய்தான் கோடையில் உடம்பு வற்றாமல் காக்கிறது.

அதற்காக வயிறு முட்டப் போடக் கூடாது. அதில் துவர்ப்பு அதிகம். நம் பக்கத்துத் தோல் ஷாப்புகளில் அந்தக் காலத்தில் மரப்பட்டை போட்டுப் பதனிட்டார்களே, அதே துவர்ப்புதான். தோலில் உள்ள புரதத்தைப் பிடித்து இறுக்குவது போல வயிற்றுக்குள்ளும் பிடித்துக்கொள்ளும். ஆட்டுக்குச் சத்து முழுசாகச் சேராது. அதனால் பச்சைக்காயைத் தொட மாட்டேன். உதிர்ந்து காய்ந்ததை மட்டும், ஒரு ஆட்டுக்கு இரண்டு கைப்பிடி, மேய்ச்சலுக்கு மேல் கொடுக்கிறேன்.

வேலிகாத்தான், அதாவது சீமைக் கருவேலம், அதன் காயும் நல்ல தீனிதான், தித்திப்பு. ஆனால் முழுசாகத் தின்றால் கொட்டை புழுக்கையோடு வந்து கொல்லையெல்லாம் முளைத்துவிடும். முறுமுறுவென்று காயவைத்து அரைத்துப் போட வேண்டும். அரைத்தால் முளைக்காது, கொட்டைக்குள் இருக்கிற புரதமும் ஆட்டுக்குக் கிடைக்கும். ஈரம் இருந்தால் மாவு பாகு மாதிரி கல்லில் ஒட்டிக்கொள்ளும். போன வருஷம் அரைத்த சாக்கை மூடாமல் விட்டுவிட்டேன். வெள்ளைக் கிடாய் ஒரே மூச்சில் தின்று வயிறு உப்பி, ராத்திரி முழுக்க அம்மாவும் நானும் அதை நடத்திக்கொண்டே இருந்தோம். பிழைத்துக்கொண்டது. என் கவனக்குறைவு, இன்னும் மனசில் உறுத்துகிறது.

கிடாயை விற்பதானால் பொய்கைச் சந்தைக்கு நானே ஓட்டிப் போகிறேன். மரத்தை மட்டும் விலை பேசாதே. அடுத்த தரம் வரும்போது பெரிய தார்ப்பாய் ஒன்று வாங்கி வா. அடியில் விரித்து உலுக்கினால் காயில் மண் ஒட்டாது, அம்மாவும் குனிந்து பொறுக்க வேண்டியதில்லை.

இப்படிக்கு,
நைனா