அந்தக் கைகளுக்குப் பெயர் உண்டு

தமிழ்த் தொலைக்காட்சிகளில் சமையல் நிகழ்ச்சி தயாரிக்கும் அனைவருக்கும்,

வணக்கம். வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து எழுதுகிறேன். என் அப்பா குடியாத்தம் பக்கம் கல்யாண சமையல் மாஸ்டராக இருந்தவர். டிவியில் சமையல் வந்தால் நாங்கள் என்ன பலகாரம் என்று பார்ப்போம். அப்பா சமைப்பவரின் கையைப் பார்ப்பார். வெங்காயம் நறுக்குகிற வேகம், கரண்டியைப் பிடிக்கிற விதம், உப்பு போடும்போது கண் எங்கே இருக்கிறது என்பது வரைக்கும் பார்ப்பார். பெரும்பாலும் பாதியில் எழுந்து போய்விடுவார். கடைசி வரை உட்கார்ந்து அவர் பார்த்தது ஒருவரைத்தான். சன் டிவியில் ‘ஆஹா என்ன ருசி’ நடத்திய செஃப் ஜேக்கப். "இவன் யார்கிட்டயோ உட்கார்ந்து கத்துக்கிட்டு வந்திருக்கான்டா" என்பார்.

அப்பா சொன்னது சரிதான். தேனி மாவட்டம் உத்தமபாளையத்துக்காரரான ஜேக்கப் சகாயகுமார் அருணி, நட்சத்திர ஓட்டல் சமையலோடு நின்றிருந்தாலே பெயர் வாங்கியிருப்பார். அவர் அதோடு நிற்கவில்லை. தமிழ்நாட்டின் ஒவ்வொரு வட்டாரத்துக்கும் தனிச் சமையல் இருக்கிறது, அது வயதானவர்களோடு சேர்ந்து மறைந்துகொண்டிருக்கிறது என்று உணர்ந்து, ஊர் ஊராகப் போய்ப் பழைய முறைகளைத் தேடிச் சேர்த்தார். கொங்கு நாட்டுச் சமையல் என்று இன்று பெரிய ஓட்டல்களில் பெருமையாக அட்டை போட்டு வைக்கிறார்களே, அதற்குப் பின்னால் அவருடைய உழைப்பும் இருக்கிறது. சென்னையில் தன் பெயரிலேயே ஓர் உணவகம் திறந்தார். 2012 நவம்பரில் மாரடைப்பு அவரைக் கொண்டுபோய்விட்டது. வயது 38. அன்று எங்கள் வீட்டில் ஒரு சொந்தக்காரர் போனதுபோல் இருந்தது.

அவர் போய் இத்தனை வருடங்களில் டிவி சமையல் எங்கேயோ போய்விட்டது. போட்டி, சிரிப்பு, பாட்டு எல்லாம் இருக்கட்டும், அதையும் குடும்பத்தோடு உட்கார்ந்துதான் பார்க்கிறோம். சமையல்காரருக்கு வீட்டுக்கு வீடு மரியாதை கிடைத்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். என் அப்பா காலத்தில் மாஸ்டர் என்றால் கல்யாண வீட்டின் பின்வாசல் வழியாக வந்து பின்வாசல் வழியாகவே போகிறவர். ஆனால் அந்த மரியாதை ஸ்டூடியோவுக்குள் நிற்பவரோடு முடிந்துவிடுகிறது. அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் வரை வந்து சேரவில்லை. இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டிலேயே இது நடந்தது. சில வருடங்களுக்கு முன் ஒரு படப்பிடிப்புக் குழு எங்கள் பெரியம்மாவைத் தேடி வந்தது. எந்தச் சேனல் என்று சொல்லப் போவதில்லை. பெரியம்மா முள்ளு கத்திரிக்காயில் எண்ணெய்க் கத்திரிக்காய் செய்து காட்டினார். இலவம்பாடிக் கத்திரிக்காய், 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய அதே காய்தான். காம்பிலும் இலையிலும் முள் இருக்கும், பறிக்கிற கை கீறிப்போகும். காம்பை எடுக்காமல் நாலாகக் கீறி, வேர்க்கடலையும் எள்ளும் வரமிளகாயும் வறுத்து அரைத்து உள்ளே அடைத்து, செக்கில் ஆட்டிய கடலை எண்ணெயில் மெதுவாக வதக்க வேண்டும். அடுப்பைக் கூட்டினால் தோல் வெந்து உள்ளே காய் பச்சையாக நிற்கும். ஏன் புளியைக் கடைசியில் ஊற்ற வேண்டும், எந்த வாசனை வந்தால் இறக்க வேண்டும் என்று அரை நாள் பொறுமையாகச் சொன்னார். எல்லாருக்கும் சாப்பாடும் போட்டு அனுப்பினார்.

ஒளிபரப்பு அன்று பக்கத்து வீட்டுக்காரர்களையெல்லாம் கூப்பிட்டு உட்கார வைத்திருந்தார். திரையில் ஸ்டூடியோ, ஒரு செஃப், ‘வேலூர் ஸ்பெஷல்’ என்ற எழுத்து. நடுவில் சில நொடிகள் பெரியம்மாவின் கை மட்டும் வந்தது. முகம் இல்லை, பெயர் இல்லை. புளியை முதலிலேயே ஊற்றினார்கள். யாரும் பேசவில்லை. பெரியம்மாதான் எழுந்து, "பரவால்ல விடுங்க, காய் நல்லா தெரிஞ்சுது இல்ல" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அதைக் கேட்ட எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஐயா, அம்மா, இங்கே எவ்வளவு இருக்கிறது தெரியுமா? பழைய வட ஆற்காடு இன்று வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று நாலு மாவட்டமாகிவிட்டது. அடுப்புகள் அப்படியேதான் இருக்கின்றன. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பிரியாணி மாஸ்டர்கள் சீரகச் சம்பாவை முக்கால் பதம் வேகவைத்து வடித்து, ஊறவைத்த வரமிளகாய் விழுதில் வெந்த கறியோடு சேர்த்து, மூடியின் மேல் தணலைக் கொட்டித் தம் போடுவதைக் கிட்டே நின்று பாருங்கள். ஒரு தேக்சாவில் நூறு பேருக்கு ஆக்குகிறவருக்கு டைமர் கிடையாது, மூடியின் ஓரத்தில் கசிகிற ஆவியைப் பார்த்தே சொல்லிவிடுவார். ஆற்காட்டுக்குப் போனால் மக்கன் பேடா போடுகிறவர்கள் இருக்கிறார்கள். உள்ளே முந்திரி, பாதாம் வைத்து உருட்டி, சிறு தீயில் பொரித்து, பாகில் ஊறவிடுகிற வேலை அது. அவசரப்பட்டால் நடுவில் வேகாது.

அப்புறம், எங்கள் களி. இதை டிவியில் உருப்படியாகக் காட்டி நான் பார்த்ததே இல்லை. நொய் வெந்ததும் கேழ்வரகு மாவைக் கொட்டி, பானையைக் காலால் அணைத்துப் பிடித்துக்கொண்டு, துடுப்பால் கட்டி தட்டாமல் கிண்டுகிற பெண்களின் தோளைப் பாருங்கள். அந்த வித்தை எந்தச் சமையல் கல்லூரியிலும் நடத்தப்படுவதாக எனக்குத் தெரியவில்லை. சூடான களி உருண்டையில் குழி செய்து கருவாட்டுக் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டவர்களுக்குத் தெரியும் நான் ஏன் இவ்வளவு பேசுகிறேன் என்று.

வேலூர் டவுனுக்குள் சிஎம்சி மருத்துவமனையைச் சுற்றி நடந்தால் இன்னொரு உலகம். மேற்கு வங்கத்திலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் சிகிச்சைக்கு வருகிறவர்களுக்காகக் கடுகெண்ணெயில் மீன் சமைக்கும் சின்னக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. ஊர்விட்டு ஊர் வந்து, நோயாளியோடு கவலையாக இருக்கிறவர்களுக்குத் தங்கள் ஊர்ச் சோறு கிடைப்பது சாதாரண விஷயமா? அதைச் சமைப்பவர்களிடம் ஒரு நாள் பேசிப் பாருங்கள்.

நான் கேட்பது மூன்றே விஷயம். யாரிடம் கற்றீர்களோ அவருடைய பெயரையும் ஊரையும் திரையில் போடுங்கள், கூடவே முகத்தையும் காட்டுங்கள். அவர் சொன்ன முறையை மாற்றினால், மாற்றினோம் என்று சொல்லுங்கள். அரை நாள் வேலையை விட்டுவிட்டு உங்களுக்காக நின்றவருக்கு, உங்கள் கேமராமேனுக்குக் கொடுப்பதுபோலச் சம்பளம் கொடுங்கள். அதை அன்பளிப்பு என்று கவரில் வைத்து நீட்ட வேண்டாம்.

அப்பா இப்போது இல்லை. பெரியம்மாவுக்கு முட்டிவலி, இருந்தாலும் அடுப்படியை விட்டு நகர மாட்டார். மறுபடியும் யாராவது வந்தால் சொல்லிக்கொடுப்பீர்களா என்று போன வாரம் கேட்டேன். "வரட்டும். ஆனா இந்தத் தடவ புளி எப்ப ஊத்தணும்னு எழுதிக்கிட்டுப் போகச் சொல்லு" என்றார்.

அன்புடன்,
ஒரு சமையல் மாஸ்டரின் மகன்,
வேலூர்