அந்த முற்றுப்புள்ளியை எடுத்துவிடுங்கள்

மொழிபெயர்ப்புக் கவிதைகளை வெளியிடும் சிற்றிதழ் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கக் கவிஞர் டபிள்யூ. எஸ். மெர்வினின் ஐந்து கவிதைகளைத் தமிழில் செய்து ஓர் இதழுக்கு அனுப்பியிருந்தேன். இதழின் பெயர் வேண்டாம். ஆசிரியர் நல்ல வாசகர், என்மேல் அன்புள்ளவர். இதழ் கைக்கு வந்தபோது வரிக்கு வரி காற்புள்ளி. ஒரு கவிதையை ‘வணங்கியபடி எதை என்று அறியாமல்’ என விட்டிருந்தேன். அச்சில் அது ‘எதை என்று அறியாமல் வணங்குகிறேன்.’ என்று முடிந்திருந்தது. போனில் கேட்டேன். “வாக்கியம் தொங்குதேங்க, அச்சுப்பிழைன்னு நினைச்சுருவாங்க” என்றார்.

தொங்கத்தான் வேண்டும் ஐயா. ஒவ்வோர் ஆண்டும் தான் சாகப்போகும் தேதியைத் தெரியாமலே கடந்துவருவதைப் பற்றிய கவிதை அது. 1967ல் வந்த ‘தி லைஸ்’ தொகுப்பில் இருக்கிறது. அந்தத் தேதி மார்ச் 15 என்று 2019ல்தான் தெரிந்தது. அப்போது அவருக்கு வயது 91. எழுதிய பிறகும் ஐம்பது தடவைக்கு மேல் அந்த நாளைத் தாண்டிப் போயிருக்கிறார். அவர் வைக்காத புள்ளியை நாம் வைத்திருக்கிறோம்.

1963ல் வெளியான ‘தி மூவிங் டார்கெட்’ தொகுப்பை எழுதிவரும்போதே மெர்வின் நிறுத்தக்குறிகளைக் கைவிட்டார். சொற்களைத் தாளில் ஆணியடிப்பதுபோல இருக்கிறது, பேச்சின் அசைவு போய்விடுகிறது என்பது அவர் சொன்ன காரணம். இது நமக்குப் புதிதா? நம் ஓலைச்சுவடிகளில் காற்புள்ளியும் கிடையாது, முற்றுப்புள்ளியும் கிடையாது. ஓலை கிழியும் என்று மெய்யெழுத்தின் புள்ளியைக்கூட விட்டுவிடுவார்கள். எழுத்தாணி பிடித்தவர்கள் ஆணியடிக்கவில்லை. குறிகளெல்லாம் அச்சோடு வந்தவை. தவிர, தமிழில் வினைமுற்று வந்தாலே வாக்கியம் முடிந்துவிடும். எச்சம் வந்தால் திறந்தே கிடக்கும். ஆங்கிலத்தில் அவர் பாடுபட்டுச் செய்ததை நம் இலக்கணம் சும்மா தருகிறது. அந்த எச்சத்தைப் போய் முற்றாக்குகிறோம்!

இன்னொரு குறையும் உண்டு. கவிதைக்கு மேலே போடும் அறிமுகக் குறிப்பில் ‘இயற்கையைப் போற்றிய கவிஞர்’ என்று எழுதுகிறீர்கள். ‘தி லைஸ்’ தொகுப்பிலேயே, அழியப்போகும் சாம்பல் திமிங்கிலத்திடம் பேசும் கவிதையைப் படித்துப் பாருங்கள். மனிதர்கள்தான் முக்கியமானவர்கள் என்று போய்ச் சொல் என முடிகிறது அது. போற்றலா அது? கசப்பு. 1971ல் புலிட்சர் பரிசு வந்தபோது, வியட்நாம் போரைக் கண்டிப்பதாக வெளிப்படையாக அறிவித்துவிட்டே பரிசுத் தொகையைப் பிறருக்குக் கொடுத்தார். அதில் ஒரு பங்கு கட்டாய ராணுவச் சேர்ப்பை எதிர்ப்பவர்களுக்குப் போனது. அவருடைய முதல் தொகுப்பைத் தேர்ந்தெடுத்த கவிஞர் டபிள்யூ. எச். ஆடனே அந்த அறிவிப்பைக் கண்டித்துப் பத்திரிகைக்கு எழுதினார்.

போற்றியதை விட அவர் நட்டதுதான் அதிகம். 1977ல் ஹவாயின் மாவி தீவில், பெயாஹி ஓடையோரம் நிலம் வாங்கினார். (ஊரின் பெயர் ஹைக்கூ. ஜப்பானியக் கவிதைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை; அது ஹவாய் மொழிப் பெயர்.) அன்னாசி பயிரிட்டுச் சத்தெல்லாம் உறிஞ்சப்பட்ட மண். அங்கே முன்பிருந்த காட்டையே மீட்டுவிடலாம் என்று பார்த்தார். உள்ளூர் மரங்கள் அந்த மண்ணில் பிழைக்கவில்லை. பனைக் குடும்பத்து மரங்கள் பிழைத்தன. பல நாடுகளிலிருந்து விதை வரவழைத்து, தொட்டியில் முளைக்க வைத்து, ஒவ்வொன்றாகக் குழி பறித்து நட்டார். நாற்பது ஆண்டுகளில் சுமார் 19 ஏக்கரில் 400க்கும் மேற்பட்ட வகைகள் நின்றன. தன் காலத்துக்குப் பிறகும் யாரும் வெட்டி மனை போடாதபடி 2010ல் ஓர் அறக்கட்டளையும் ஏற்படுத்தினார். கூரையில் விழும் மழைநீரைச் சேர்த்துக் குடித்தவர், ‘தி ரெய்ன் இன் தி ட்ரீஸ்’ என்று ஒரு தொகுப்புக்குப் பெயர் வைத்ததில் அலங்காரம் ஒன்றுமில்லை. உலகின் கடைசி நாளில் ஒரு மரம் நடவேண்டும் என்கிற கவிதை அதில்தான் வருகிறது. பழத்துக்காக அல்ல என்றும் சொல்லிவிடுகிறார். அடிக்கடி மேற்கோள் காட்டுகிறோம். கெட்டுப்போன மண்ணில் பத்தாண்டு குழி பறித்த பிறகு எழுதியது என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

ஆகவே குறிப்பில் ‘போற்றிய’ வேண்டாம். ‘பனை நட்டவர்’ என்று போடுங்கள், போதும். கவிதையில் ஐயம் வந்தால் மூலத்தைப் பாருங்கள், அல்லது மொழிபெயர்த்தவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

அந்த ஐந்து கவிதைகளும் தொகுப்பாக வரப்போவதாகக் கேள்விப்பட்டேன். அச்சுக்குப் போகும் முன் மெய்ப்பை எனக்கு அனுப்புங்கள், இரண்டே நாளில் பார்த்துத் தருகிறேன். எடுக்க வேண்டிய காற்புள்ளிகள் நாற்பத்தொன்று; எண்ணி வைத்திருக்கிறேன். முற்றுப்புள்ளி ஒன்றுதான், கடைசிப் பக்கத்தில்.

அன்புடன்,
உங்கள் மொழிபெயர்ப்பாளர்களில் ஒருவன்