எத்தியோப்பியாவுக்கு யார் கொண்டுபோனது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு இணைப்பில் கிறிஸ்தவத்தின் மையம் ஐரோப்பாவை விட்டு ஆப்பிரிக்காவுக்கு நகர்வதைப் பற்றிய கட்டுரை படித்தேன். எழுதியவர் உழைத்திருக்கிறார், இல்லை என்று சொல்லவில்லை. 2020-ல் உலகக் கிறிஸ்தவர்களில் சுமார் 31 சதவீதம் பேர் சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவில் இருந்தார்கள், ஐரோப்பாவில் 22 சதவீதம்தான் என்ற அமெரிக்காவின் பியூ ஆய்வு மையத்தின் கணக்கைக் கொடுத்திருக்கிறார். கணக்கு சரி. ஆனால் பாதிப் பக்கத்தை அடைத்துக்கொண்டு ஒரு வண்ணப்படம் போட்டிருந்தீர்களே, அதைத்தான் சொல்ல வந்தேன். வெள்ளை உடுத்திய பெருங்கூட்டம். சரிகைத் தொங்கல் வைத்த வெல்வெட் குடைகள். குடை நிழலில், பட்டுத்துணி போர்த்திய எதையோ தலையில் சுமந்து வரும் குருமார்கள். அதற்குக் கீழே, "ஐரோப்பிய மிஷனரிகள் விதைத்த விதை: எத்தியோப்பியாவில் ஞானஸ்நான விழா" என்று ஒரு வரி.

அந்த வரியை எழுதிய உதவி ஆசிரியருக்கு என் வாழ்த்துகள். ஏறக்குறைய 1,700 ஆண்டுகளை ஏழெட்டுச் சொற்களில் துடைத்துப் போடுவது எல்லாருக்கும் கைவராது.

இன்றைய எத்தியோப்பியாவின் வடக்கே இருந்த அக்சும் நாட்டு அரசன் எசானா நான்காம் நூற்றாண்டிலேயே கிறிஸ்தவன் ஆனது தாங்கள் அறிந்ததே. அவன் முதலில் வெளியிட்ட காசுகளில் பிறையும் வட்டமும் இருக்கும். பின்னால் வந்தவற்றில் அவை போய் சிலுவை வந்துவிட்டது. அந்த அரண்மனையில் வேதத்தைக் கொண்டு சேர்த்த ஃப்ருமென்டியுஸ், இன்றைய லெபனானில் இருக்கும் தீரு பட்டணத்துக்காரர். அவருக்கு ஆயர் பட்டம் கொடுத்தவர் எகிப்தின் அலெக்சாந்திரியாவில் இருந்த அத்தனாசியுஸ். இதில் ஐரோப்பிய மிஷனரி எங்கே நுழைந்தார் என்று எனக்குப் புரியவில்லை. இங்கிலாந்தின் கேன்டர்பரிக்கு ரோமிலிருந்து அகஸ்தீன் வந்து சேர்ந்ததே 597-ல்தான். லித்துவேனியா ஞானஸ்நானம் வாங்கியது 1387-ல். எத்தியோப்பியாவின் லாலிபெலாவில் பாறையைக் குடைந்து கோயில்களை எழுப்பி முடித்த பிறகும், ஐரோப்பாவில் ஓர் அரசு பழைய தெய்வங்களைத்தான் கும்பிட்டுக்கொண்டிருந்தது.

ஐரோப்பியர் எத்தியோப்பியாவுக்கு வரவே இல்லையா என்றால், வந்தார்கள். இயேசு சபையினர் வந்து, 1622-ல் பேரரசர் சுசென்யோஸைக் கத்தோலிக்கராக்கினார்கள். ஏற்கெனவே கிறிஸ்தவராக இருந்தவரைத்தான்! நாடு இரண்டுபட்டு ரத்தம் ஓடியது. பத்து ஆண்டில் அவர் மகன் ஃபாசிலிடெஸிடம் முடியைக் கொடுத்துவிட்டு ஒதுங்கினார். மகனோ சபையினரை நாட்டை விட்டே அனுப்பிவிட்டார். அப்புறம் 1868-ல் பிரிட்டிஷ் படை மக்தலா கோட்டைக்கு வந்தது. போகும்போது சிலுவைகள், ஏடுகள், தாபோத்கள் என்று கிடைத்ததையெல்லாம் கட்டிக்கொண்டு போனது. உங்கள் படத்தில் குருமார் தலையில் இருப்பது அந்தத் தாபோத்தான். உடன்படிக்கைப் பெட்டியின் கற்பலகைகளை நினைவுபடுத்தும் புனிதப் பலகை அது. குருமாரைத் தவிர வேறு யாரும் கண்ணால் பார்க்கக் கூடாது. அப்படிப்பட்ட 11 தாபோத்கள் இன்றும் லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தின் பூட்டிய அறையில் கிடக்கின்றன. காட்சிக்கு வைப்பதில்லை, அங்கே வேலை செய்பவர்களும் பார்ப்பதில்லை, ஆனாலும் திருப்பித் தர மனமில்லை. ஐரோப்பியர் கொடுத்ததை எழுத உங்களுக்கு இடம் இருந்தது, எடுத்துக்கொண்டு போனதை எழுத இடம் இல்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில் எத்தியோப்பியாவின் கோந்தர் நகரத்தில் நான் கணக்கு வாத்தியாராக இருந்தேன். அந்தக் காலத்தில் இந்தியாவிலிருந்து, முக்கியமாகக் கேரளத்திலிருந்து, நிறையப் பேர் அங்கே வேலைக்குப் போனோம். புதன், வெள்ளி அவர்களுக்கு நோன்பு நாள் என்பதால் நான் குடியிருந்த வீட்டில் கறி, முட்டை, பால் எதுவும் கிடையாது. தோசை மாதிரியான இஞ்சேராவும், கடலை மாவில் காய்ச்சிய ஷிரோவும்தான். ஒரு புதன்கிழமை காப்பிக்குப் பால் கேட்டுவிட்டேன். வீட்டுக்கார அம்மா என்னை மேலும் கீழும் பார்த்து, "நீங்கள் கிறிஸ்தவர் என்றல்லவா சொன்னீர்கள்?" என்றார். அவர் மகன் என் மாணவன். மொழி தடுமாறிய இடத்தில் அவன் எடுத்துக் கொடுத்தான். எங்கள் தரங்கம்பாடிக்கு 1706-லேயே ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு வந்துவிட்டார், தமிழில் புதிய ஏற்பாடு 1715-ல் அச்சேறிவிட்டது என்று நான் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். அந்த அம்மா, "ஐயோ பாவம், நேற்றுத்தானா?" என்று சொல்லி, பால் ஊற்றாமலே காப்பியை நீட்டினார். மிஷனரிகள் விதைத்த விதை அந்த வீட்டில் ஒன்று இருந்தது என்றால், அது நான்தான்.

ஊர் திரும்பியதும் எங்கள் சபையில் மிஷனரி ஞாயிறு அன்று என்னைப் பேச அழைத்தார்கள். அங்கே எத்தனை ஆத்துமாக்களை ஆதாயம் செய்தீர்கள் என்று ஒரு பெரியவர் கேட்டார். இயற்கணிதம்தான் நடத்தினேன் ஐயா, அவர்கள்தான் என்னை நோன்பு பிடிக்க வைக்கப் பார்த்தார்கள் என்றேன். அதற்குப் பிறகு என்னைப் பேசக் கூப்பிடவில்லை. ஆக, இந்த அறியாமைக்கு முழுப் பொறுப்பையும் உங்கள் தலையில் கட்ட மாட்டேன்.

ஆனால் உங்கள் கணக்கிலும் பாக்கி இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஜனவரி 7 அன்று எத்தியோப்பியாவில் "தாமதமாகக் கொண்டாடப்பட்ட கிறிஸ்துமஸ்" என்று செய்தி போட்டீர்கள். அவர்கள் நாள்காட்டி வேறு, அவர்களுக்கு அதுதான் சரியான நாள் என்று எழுதினேன். பிரசுரமாகவில்லை. 'இருண்ட கண்டத்துக்கு ஒளி தந்தவர்கள்' என்று இன்னொரு கட்டுரை வந்தபோது கண்டித்து எழுதினேன். அது பிரசுரமானது. நடுவில் இருந்ததை நீங்கள் வெட்டியதில், நான் அந்தக் கட்டுரையைப் பாராட்டியதாக ஆகிவிட்டது. ஊரில் கைகுலுக்கி வாழ்த்தினார்கள். அந்த அவமானம் இன்னும் ஆறவில்லை.

சரி, எத்தியோப்பியா விதிவிலக்கு, மற்ற இடங்களில் மிஷனரிகள்தானே என்று கட்டுரையாளர் கேட்கலாம். அவர்களும்தான், மறுக்கவில்லை. ஆனால் ஊர் ஊராக நடந்தது யார்? லைபீரியாவின் வில்லியம் வாடே ஹாரிஸ் 1913-ல் வெள்ளை அங்கியோடும் கையில் மூங்கில் சிலுவையோடும் ஐவரி கோஸ்டுக்கு நடந்துபோய், ஓராண்டு சொச்சத்தில் லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்ததாகச் சொல்கிறார்கள். பிரெஞ்சு அதிகாரிகள் அவரை நாடு கடத்தினார்கள். காங்கோவின் சிமோன் கிம்பாங்கு 1921-ல் சில மாதங்கள்தான் பிரசங்கம் செய்தார். பெல்ஜிய ராணுவ நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது, பிறகு பெல்ஜிய மன்னர் ஆல்பர்ட் அதை ஆயுள் தண்டனை ஆக்கினார். முப்பது ஆண்டு சிறையிலேயே இருந்து 1951-ல் இறந்தார். அடிமையாகப் பிடிபட்டு மீண்ட, இன்றைய நைஜீரியாவின் யொருபா இனத்துக்காரர் சாமுவேல் அஜாயி கிரௌத்தர் 1864-ல் ஆங்கிலிக்கன் பிஷப் ஆனார். வயதான காலத்தில் இளம் வெள்ளைக்கார மிஷனரிகள் அவரை ஓரங்கட்டினார்கள். 1891-ல் அவர் மறைந்ததும் அந்த இடத்துக்கு ஓர் ஐரோப்பியரைத்தான் கொண்டுவந்தார்கள். இவர்களில் ஒருவர் பெயரும் உங்கள் இரண்டு பக்கக் கட்டுரையில் இல்லை. காலியான ஐரோப்பியத் தேவாலயங்கள் மதுக்கடையாக மாறியதற்கு மட்டும் மூன்று பத்தி.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அந்தப் படம் ஜனவரி 19-ல் கொண்டாடும் திம்கத் விழா. யோர்தானில் இயேசு ஞானஸ்நானம் பெற்றதன் நினைவு நாள். 2019-ல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலிலும் ஏறிவிட்டது. படக்குறிப்பைத் திருத்திப் போடுங்கள், அது போதும். போடுவதானால் ஞாயிறு இணைப்பில், அதே பக்கத்தில் போடுங்கள். இரண்டாம் பக்க மூலையில் டெண்டர் அறிவிப்புக்குக் கீழே வேண்டாம். இந்தக் கடிதத்தைப் பிரசுரித்தால் முழுதாகப் பிரசுரியுங்கள். வெட்டத்தான் வேண்டும் என்றால் குப்பைக் கூடையிலேயே போட்டுவிடுங்கள். இன்னொரு முறை கைகுலுக்கல்களைத் தாங்க எனக்குத் தெம்பில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
மயிலாடுதுறை.