குறிப்பு எதுவும் கொடுக்காமல் மாற்று உதவியாளரை அனுப்பியது குறித்துப் புகார்

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்

ஐயா / அம்மையீர்,

செரிப்ரல் பால்சி (மூளை பாதிப்பால் உடல் அசைவைக் கட்டுப்படுத்த முடியாத நிலை) உள்ள எங்கள் ஒன்பது வயது மகளுக்கு உங்கள் நிறுவனம் மூலம் பகல்நேர உதவியாளரை அமர்த்தியிருக்கிறோம். சென்ற வாரம் வழக்கமாக வருபவர் வரவில்லை. வேறொருவர் வாசலில் வந்து நின்ற பிறகுதான் ஆள் மாறியதே எங்களுக்குத் தெரியும். விடுப்பு எடுப்பது அவருடைய உரிமை, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மாற்று ஆளை நீங்கள் அனுப்பிய விதம்தான் புகார்.

சேவையில் சேரும்போது உங்கள் ஒருங்கிணைப்பாளர் பல பக்கப் படிவம் ஒன்றை எங்களிடம் நிரப்பி வாங்கினார். மகளை எப்படித் தூக்குவது, எப்படி உட்கார வைத்து ஊட்டுவது, வலிப்பு வந்தால் என்ன செய்வது என்று ஒன்று விடாமல் எழுதினோம். ஸ்பீச் தெரபிஸ்ட் தந்த குறிப்பையும் இணைத்தோம். வந்த பெண் அதில் ஒரு பக்கம்கூடப் பார்த்திருக்கவில்லை. "குழந்தையைப் பாத்துக்கணும்னு மட்டும்தான் சொன்னாங்கம்மா" என்றார்.

நான் அடுத்த அறையில் இருந்தபோது, மகளைச் சாய்த்துப் படுக்க வைத்தபடியே தண்ணீர் கொடுத்திருக்கிறார். இருமல் கேட்டு ஓடினேன். அவளுக்கு விழுங்குவதில் சிரமம் உண்டு. நிமிர்த்தி உட்கார வைத்து, முகவாயைச் சற்றுத் தாழ்த்தி, பொடி கலந்து கெட்டிப்படுத்திய நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தர வேண்டும். ஒரு வாய் உள்ளே இறங்கியதைப் பார்த்த பிறகே அடுத்த வாய். மற்றவர்களுக்குப் புரையேறுவது ஒரு நிமிடச் சங்கடம், இவளுக்கு அது நிமோனியாவில் கொண்டுபோய் விடலாம். சில குழந்தைகளுக்கு இருமலே இல்லாமல் நீர் நுரையீரலுக்குள் போய்விடும். அன்று இவள் இருமியதால் எனக்குத் தெரிந்தது.

வலிப்பு வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். பல்லுக்கிடையில் ஸ்பூன் வைப்பாராம்! வாயில் எதையும் வைக்கக் கூடாது, ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், நேரத்தைக் குறிக்க வேண்டும், 5 நிமிடம் தாண்டினால் டாக்டர் எழுதிய அவசர மருந்தைக் கொடுத்து ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். இவை அனைத்தும் அந்தப் படிவத்தில் இருக்கின்றன. மகள் கண்ணால் சுட்டிப் பேசும் படப்பலகையையும் விளையாட்டுச் சாமான் என்று நினைத்து அலமாரியில் எடுத்து வைத்துவிட்டார்.

அந்தப் பெண்மீது எனக்குக் கோபமில்லை. சொல்லித்தராத வேலைக்கு அவரை அனுப்பியது நீங்கள். தொலைபேசியில் கேட்டபோது, "சேவை தடைபடவில்லையே மேடம்" என்று பதில் வந்தது. ஆள் வந்தால் சேவை முடிந்தது என்பது உங்கள் கணக்கு போலும். 2006இல் நிறைவேறிய ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 19ஆவது பிரிவைக் கையேட்டின் முகப்பிலேயே அச்சிட்டிருக்கிறீர்கள். மாற்றுத்திறனாளிகள் சமூகத்தில் சுதந்திரமாக வாழும் உரிமை பற்றிய பிரிவு அது, தனிநபர் உதவியையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. யாருக்கு உதவப் போகிறோம் என்றே தெரியாமல் வருபவர் எப்படித் தனிநபர் உதவியாளர் ஆவார்?

நாங்கள் கொடுத்த படிவம் எங்கே தேங்கியது என்று எழுத்துமூலம் விளக்கம் வேண்டும். மாற்று ஆளை முன்கூட்டியே பெயர் சொல்லி அறிவியுங்கள். தனியாகப் பொறுப்பேற்கும் முன் அவர் வழக்கமான உதவியாளருடன் ஒரு நாளாவது முழுதாக இருந்து பழக வேண்டும், அந்த நாளுக்கான ஊதியத்தை அவருக்கு நிறுவனமே தர வேண்டும். சென்ற வாரக் கட்டணத்தைத் திருப்பித் தாருங்கள். இதைக் காரணம் காட்டி அந்தப் பெண்ணை வேலையை விட்டு நிறுத்தக் கூடாது. பயிற்சி கொடுத்து அனுப்பினால் அவரே மறுபடி வருவதில் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை.

பத்து நாளுக்குள் பதில் வராவிட்டால் நுகர்வோர் குறைதீர் அமைப்பிடம் முறையிடுவோம்.

இப்படிக்கு,
சிறுமியின் தாய்