கடையிலிருந்து தம்பிக்கு

கும்பகோணம்
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுகிறேன். இன்று கடை லீவு என்பதால் உட்கார்ந்து எழுத நேரம் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்தபோது பெஞ்சில் ஐந்து பேர் காத்திருந்தார்கள். ஒரு பக்கக் கிருதா எடுத்து மறுபக்கம் எடுக்காத ஆளை நாற்காலியில் வைத்துக்கொண்டு என்னத்தைப் பேசுவது? 'ம்', 'சரி' என்று சொல்லி வைத்துவிட்டேன். அதை வைத்து அப்பாவும் உன் கட்சிதான் என்று அம்மாவிடம் சொன்னாயாம். நான் உன் கட்சி இல்லை. வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினால் இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டிக் கேட்பாய் என்று தெரியும். அதனால்தான் பேப்பரில் எழுதிப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன். மெதுவாகப் படி.

எனக்குப் புரிந்தது இதுதான். அமெரிக்காவில் உன் லேபில் இருக்கும் கறுப்பினப் பெண் திங்கட்கிழமை தலை முழுக்கப் பொடிச் சடையாகப் பின்னிக்கொண்டு வந்திருந்தார். பார்க்க நன்றாக இருந்தது. நீ அவர் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்று, ஒரு சடையை விரலில் எடுத்து, 'இது நிஜ முடியா?' என்று கேட்டாய். அவர் தலையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு, இனிமேல் என் முடியைத் தொடாதே என்றார். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். உனக்கு அவமானமாகிவிட்டது. 'பாராட்டத்தானே தொட்டேன்? நான் என்ன வெள்ளைக்காரனா? நாமும் கறுப்புதானேப்பா?' என்று என்னிடம் குறைப்பட்டாய்.

ஒன்று கேட்கிறேன். இங்கே நாலு வருஷம் கல்லூரிக்குப் போனாய். பூ வைத்து, இடுப்பு வரை சடை போட்டு எத்தனை பெண்கள் உன் கூடப் படித்தார்கள்! ஒரு நாளாவது ஒருத்தி பின்னால் போய் நின்று, சடையைத் தூக்கிப் பார்த்து, 'இது சவுரியா, சொந்த முடியா?' என்று கேட்டிருப்பாயா? கேட்டிருந்தால் முதலில் செருப்பு வந்திருக்கும். சாயங்காலம் அவள் அண்ணன் நம் கடை வாசலில் நின்றிருப்பான். இது உனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. இங்கே அடங்கிக் கிடந்த கை அங்கே எப்படித் தானாக நீண்டது? உன் லேபில் வெள்ளைக்காரப் பெண்களும் இருக்கிறார்கள். அவர்கள் முடியை ஏன் தொட்டுப் பார்க்கவில்லை? அவர்களுடைய தங்க நிற முடி மட்டும் நமக்குப் பழகியதா என்ன?

இதற்கு எனக்கு நீ பதில் சொல்ல வேண்டாம். உனக்கே சொல்லிக்கொள்.

தலையில் கை வைப்பது எனக்கு முப்பத்து நாலு வருஷப் பிழைப்பு. ஒரு ஆள் தானாக வந்து உட்கார்ந்து, துணி போர்த்தி, காசும் கொடுக்கப் போகிறான். இருந்தாலும் பின்னாலிருந்து பிடரியில் விரல் பட்டதும் கழுத்து ஒரு நொடி விறைக்கும். பத்து வயதுப் பையனுக்கும் அப்படித்தான், போலீஸ்காரருக்கும் அப்படித்தான். அதனால்தான் 'சார், கொஞ்சம் குனியுங்க' என்று சொல்லிவிட்டுத் தொடுகிறோம். சலூன் கண்ணாடி அழகு பார்க்க மட்டும் என்று நினைக்காதே. பின்னால் நிற்பவன் கை எங்கே வருகிறது என்று உட்கார்ந்திருப்பவன் பார்த்துக்கொண்டே இருக்கலாம். உன் லேபில் அவர் எதிரே கண்ணாடி இல்லை.

உன் தாத்தாவைப் பற்றி இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். அவர் கடை வைத்தவர் இல்லை, தெரியுமே. கத்திப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போவார். கூலி, அறுவடைக்கு அறுவடை நெல். கொல்லைப் பக்கம் மாட்டுக் கொட்டகை ஓரம் பலகை போட்டுத்தான் வெட்டுவார். வெட்டிக்கொண்டவர்கள் குளிக்காமல் வீட்டுக்குள் போக மாட்டார்கள். அவர் கை ஊரில் எல்லாப் பெரிய மனிதர் தலையிலும் பட்டது. அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டவர்கள்தான் யாரும் இல்லை, சாதியைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள்.

எனக்கு ஒன்பது வயது இருக்கும். தண்ணீர்க் கிண்ணம் பிடிக்க அவர் கூடப் போயிருந்தேன். பெரிய வீட்டுக்காரருக்குச் சவரம். அந்த வீட்டுப் பையன், என் வயதுதான், சோப்பு பிரஷ்ஷை எடுத்து நுரையில் முக்கி உன் தாத்தா தலையில் பூசினான். அப்புறம் காதில். அப்புறம் கண்ணில். கையில் கத்தி இருந்ததால் தாத்தா அசையவில்லை. வீட்டுக்காரர் சிரித்தார், 'விளையாட்டுப் பிள்ளை' என்றார். தாத்தாவும் சிரித்தார். திரும்பி வரும் வழியில் வாய்க்காலில் இறங்கி ரொம்ப நேரம் முகம் கழுவினார். சோப்பு எரிகிறது என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

அந்தப் பையனுக்கும் கெட்ட எண்ணம் கிடையாது தம்பி. அவன் தன் மாமா தலையில் அந்த பிரஷ்ஷை வைத்திருக்க மாட்டான், அவ்வளவுதான். உன் லேப் பெண் சிரித்து மழுப்பியிருந்தால் உனக்கு இந்த விஷயமே தெரிந்திருக்காது. 'பாராட்டினேன், சந்தோஷப்பட்டாள்' என்று என்னிடம் சொல்லியிருப்பாய். அவர் வீட்டுக்குப் போகும் வழியில் முகம் கழுவியிருப்பார்.

போன வருஷம் அட்லாண்டாவில் ஒரு நாவிதரின் மாளிகையைப் பார்த்ததாகப் போட்டோ அனுப்பினாயே, அலோன்சோ ஹெர்ன்டன். அதை நம் வாத்தியார் சார் போனில் தேடிப் படித்துக் காட்டினார். 1858-ல் அடிமையாகப் பிறந்தவர், முடி வெட்டிச் சம்பாதித்து, பிறகு இன்சூரன்ஸ் கம்பெனியும் வைத்துக் கோடீஸ்வரர் ஆனவர் என்று கடையில் எல்லாருக்கும் சொல்லிப் பெருமைப்பட்டேன். பீச்ட்ரீ தெருவில் சரவிளக்குத் தொங்க அரண்மனை மாதிரிக் கடை. மேற்கொண்டு படித்தபோதுதான் தெரிந்தது, அந்தக் கடையில் முடி வெட்டியவர்கள் கறுப்பர்கள், வெட்டிக்கொண்டவர்கள் வெள்ளைக்காரர்கள் மட்டும். அவர் இனத்து ஆள் ஒருவர் அந்த நாற்காலியில் உட்கார முடியாது. எனக்குத் திக்கென்றது. உன் தாத்தாவும் சேரிப் பக்கம் கத்திப் பெட்டியோடு போனதில்லை. போனால் மற்றத் தெருக்காரர்கள் அவரிடம் தலை கொடுக்க மாட்டார்கள். அவர் அதை எதிர்த்து ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதும் இல்லை. 1926-ல் உங்கள் அட்லாண்டா நகர மன்றம் இன்னொன்றும் செய்தது: வெள்ளைக்காரப் பெண்களுக்கும் பதினாலு வயதுக்குக் கீழ்ப்பட்ட வெள்ளைக் குழந்தைகளுக்கும் கறுப்பு நாவிதர்கள் முடி வெட்டக் கூடாது என்று சட்டம் போட்டது. பிறகு கோர்ட்டில் அது நிற்கவில்லை. யார் கை யார் தலையில் படலாம் என்பதற்குச் சட்டமே போட்ட ஊர் அது. அந்த ஊரில் போய் நின்றுகொண்டு, சும்மா தொட்டேன் என்கிறாய்.

அதற்கும் முன்னால் கறுப்பர்களை அடிமைகளாக ஏலத்தில் நிறுத்தி, மாட்டுச் சந்தை மாதிரி வாயைத் திறந்து பல் பார்த்து, உடம்பைத் தடவிப் பார்த்து வாங்கியிருக்கிறார்கள். அது பழைய கதை என்பாய். 2018 டிசம்பரில் நியூ ஜெர்சியில் நடந்தது பழைய கதையா? பதினாறு வயது மல்யுத்தப் பையன். திரித்த சடையை வெட்டினால்தான் ஆடலாம், இல்லாவிட்டால் தோற்றதாக எழுதுவேன் என்று நடுவர் சொல்லிவிட்டார். பையன் நிற்க, எல்லார் முன்னாலும் ஒரு அம்மாள் கத்தரியால் வெட்டுகிற வீடியோவை நான் பார்த்தேன். வெட்டுகிற வேலையா அது? ஆட்டுக்குக் கூட அப்படி வெட்ட மாட்டார்கள். பையன் ஆடி ஜெயித்தான், ஜெயித்த முகமாக இல்லை. அடுத்த வருஷமே, 2019 ஜூலையில், முடியைக் காரணம் காட்டி வேலையிலும் பள்ளியிலும் ஒதுக்கக் கூடாது என்று கலிபோர்னியாவில் சட்டம் வந்தது, கிரவுன் சட்டம் என்று. தலையில் முளைக்கிற முடியை அப்படியே வைத்துக்கொள்ள ஒரு சட்டம் வேண்டியிருக்கிறது பார். விமான நிலையத்தில் கறுப்பினப் பெண்களின் முடிக்குள் விரல் விட்டுச் சோதனை போடுகிறார்கள் என்று புகார் போய், 2015-ல் விமான நிலையப் பாதுகாப்பு இலாகா தன் ஆட்களுக்குப் பயிற்சி கொடுக்க ஒத்துக்கொண்டது. உன் விரல் அவருக்கு முதல் விரலாக இருக்காது என்பதற்காகச் சொல்கிறேன்.

தொழில்காரனாக ஒன்று. அந்தப் பொடிச் சடை பின்ன அரை நாள், சில சமயம் ஒரு நாள் முழுக்க உட்கார வேண்டும். ஓரத்தில் ஒட்ட வெட்டி மேலே போகப் போக முடியைக் கூட்டுகிற 'ஃபேடு' கட்டிங்கை நான் கற்றுக்கொண்டதே கறுப்பு அமெரிக்க நாவிதர்களின் வீடியோவைப் பார்த்துத்தான், அதனால் இந்தச் சடை வீடியோக்களும் என் போனில் வந்துகொண்டே இருக்கும். வகிடு ஒவ்வொன்றும் சதுரம் சதுரமாக, கோலப் புள்ளி மாதிரி. புதிதாகப் பின்னிய இரண்டு மூன்று நாள் மண்டைத்தோல் இழுத்துப் பிடித்துக்கொண்டு வலிக்கும். ராத்திரி வழவழப்பான துணி கட்டித்தான் படுப்பார்கள். பருத்தித் தலையணை எண்ணெய்ப் பசையை உறிஞ்சிவிடும். நீ போய்ச் சுண்டியது அந்தத் தலையை. சவுரி சேர்த்துப் பின்னுவதும் உண்டு, அதில் என்ன குறை? பழனியிலும் திருப்பதியிலும் நாம் இறக்கிய முடி ஏலத்தில் போய், கப்பல் ஏறி, உலகம் பூராவும் சவுரியாகவும் விக்காகவும் விற்கிறது. உன் முதல் மொட்டை யார் தலையில் இருக்கிறதோ!

'நாமும் கறுப்புதானே' என்றாய். முகூர்த்த மாதத்தில் நம் கடைக்கு வரும் மாப்பிள்ளைகளில் முகத்தை வெளுக்கச் சொல்லாதவன் எத்தனை பேர், நீயே கடையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாய். எதற்கு மாப்பிள்ளைகளைச் சொல்ல வேண்டும், என்னையே சொல்கிறேன். நீ பத்தாவது படிக்கும்போது, பக்கத்துக் கல்லூரியில் படித்த ஆப்பிரிக்கப் பையன் ஒருவன் கடைக்கு வந்தான். துணி போர்த்தினேன். காத்திருந்தவர்களில் ஒருவர் எழுந்து வந்து உள்ளங்கையால் அவன் தலையை அமுக்கி, 'ஸ்பான்ஜ் மாதிரி இருக்குய்யா' என்றார். இன்னொருவர் வந்து அமுக்கினார். நானும் சிரித்தேன். நானும் அமுக்கிப் பார்த்தேன் தம்பி, வெட்டுவதற்காக இல்லை. அவன் துணியைத் தானே அவிழ்த்து மடித்து வைத்துவிட்டு, ஐம்பது ரூபாயை மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டான். முடி வெட்டவே இல்லை. எதற்குக் காசு வைத்தான் என்று ரொம்ப நாள் யோசித்தேன். நாம் வாய் திறக்கக் கூடாது என்பதற்காக வைத்தானோ என்னவோ. அப்புறம் அவன் நம் தெருப் பக்கமே வரவில்லை.

வாத்தியார் சார் இன்னொரு படமும் காட்டினார். 2009-ல் எடுத்தது. ஒபாமா தன் ஆபீஸ் அறையில் இடுப்பை மடித்துக் குனிந்து நிற்கிறார், டை கட்டிய ஐந்து வயதுக் கறுப்புப் பையன் ஒருவன் அவர் தலையில் கை வைத்திருக்கிறான். உங்கள் முடி என் முடி மாதிரியா என்று தெரிய வேண்டும் என அவன் கேட்டானாம். தொட்டுப் பார் என்று அவர் குனிந்தாராம். அவன் தயங்கியிருக்கிறான், அவர் திரும்பச் சொன்ன பிறகுதான் கை போயிருக்கிறது. எத்தனையோ பேருக்கு வெட்டியிருக்கிறேன், ஒரு பெரிய மனிதர் அவ்வளவு தூரம் தானாகக் குனிந்து நான் பார்த்ததில்லை.

சரி. இப்போது போய் அவரிடம் மன்னிப்புக் கேள். நீளமாக வேண்டாம். 'அன்றைக்கு உங்களைக் கேட்காமல் தொட்டது தப்பு, இனி நடக்காது' போதும். 'எங்கள் ஊரில்' என்று ஆரம்பிக்காதே, எங்கள் ஊரில் என்ன நடக்கும் என்று மேலே எழுதியிருக்கிறேன். நல்ல எண்ணத்தில்தான் தொட்டேன் என்று விளக்கவும் வேண்டாம். அவர் 'பரவாயில்லை' என்று சொல்லும் வரை எதிரே நிற்காதே, சொல்லிவிட்டு உன் வேலையைப் பார்க்கப் போ. அம்மா அனுப்பிய முறுக்கு டப்பாவை அன்றைக்கே கொண்டுபோய் நீட்டாதே. ஒரு மாதம் போகட்டும். முறுக்கு கெடாது.

இங்கே எல்லாரும் சௌக்கியம். நாற்காலி ரெக்ஸின் கிழிந்துவிட்டது, தீபாவளிக்குள் மாற்ற வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. ஞாயிற்றுக்கிழமை பகலில் போன் செய்யாதே, ராத்திரி ஒன்பதுக்கு மேல் செய்.

அப்புறம், அன்றைக்கு இருபது நிமிஷம் பேசினாய். 'கறுப்புப் பொண்ணு', 'கறுப்புப் பொண்ணு' என்றே சொன்னாய். அவர் பேர் என்ன?

உன் அப்பா