எங்கே இறங்குவது?

அன்புள்ள மாப்ளே,

கடிதம் கிடைத்தது. இந்தக் காலத்தில் நாலு பக்கம் கையால் எழுதி ஸ்டாம்ப் ஒட்டி அனுப்புகிற ஆள் நீ ஒருத்தன்தான் என்று வீட்டில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். போனில் பேசினால் நீ கேட்கிறாயா, டிவி பார்த்துக்கொண்டு 'ம்' கொட்டுகிறாயா என்றே எனக்குப் பிடிபடுவதில்லை. தங்கச்சிக்கு முழங்கால் வலி குறைந்ததில் சந்தோஷம். பையன் ஒரகடத்துக்கு மாறியதும் நல்லதுதான். தாம்பரத்திலிருந்து தினமும் கிண்டிக்குத் தொங்கிக்கொண்டு போவதற்கு இது எவ்வளவோ மேல்.

இங்கே எல்லோரும் சௌக்கியம். பெரியவள் கோயம்புத்தூர் பீளமேட்டில் குடித்தனம் போன பிறகு, எங்கள் இரண்டு பேருக்கும் மாதத்தில் பாதி சங்ககிரி ரோட்டிலேயே கழிகிறது. லாரி புக்கிங் ஆபீஸில் இருந்த காலத்தில் ரோட்டைப் பற்றி டிரைவர்கள் சொல்லிக் கேட்டதுதான். இப்போதுதான் நானே பார்க்கிறேன். அதனால் நீ கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல எனக்குத் தகுதி வந்துவிட்டது என்று வைத்துக்கொள்.

தாம்பரத்திலிருந்து காரில் வருகிறோம், ஏற்காடு போக வேண்டும், சேலம் பக்கத்து அரியானூரில் உன் வீட்டில் இரண்டு நாள், அப்புறம் கோயம்புத்தூர், எந்த வழி, எங்கே இறங்குவது என்று கேட்டிருக்கிறாய். மூன்று வழி உண்டு.

வேலூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி வழி ரோடு நன்றாக இருக்கும். ஆனால் கடைசியில் தொப்பூர் கணவாய் இருக்கிறது. தர்மபுரியிலிருந்து சேலம் பக்கம் வரும்போது அங்கே நெடுக இறக்கம். பாரம் ஏற்றிய லாரியை டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் உருட்டி விடுகிறவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். கியரில் இருந்தால் இன்ஜினே வண்டியைப் பிடித்து வைக்கும். நியூட்ரலில் விட்டால் மொத்தப் பாரமும் பிரேக்கின் மேல் விழும். அது சூடேறிப் பிடிக்காமல் போகும்போது ரெட்டைப் பாலம் வந்துவிடும். முன்னால் போகிற கார் என்ன தப்பு செய்தது? நீ அந்த வழியாக வர வேண்டாம். இரண்டாவது வழி வாணியம்பாடியில் பிரிந்து திருப்பத்தூர், ஊத்தங்கரை, அரூர், மஞ்சவாடி கணவாய் என்று வருவது. காட்டைப் பார்த்துக்கொண்டு வர அழகான ரோடு. இருட்டுவதற்குள் வந்துவிடுவாய் என்றால் அதில் வரலாம். ஆனால் நீ பத்து மணிக்குத்தான் வீட்டை விட்டுக் கிளம்புவாய் என்று எனக்குத் தெரியும்.

அதனால் உளுந்தூர்பேட்டை வழியே வா. திருச்சி ரோட்டில் வேகமாக வந்துகொண்டே இருப்பாய். சேலம் போர்டு கண்ணில் பட்டதும் இடது ஓரத்துக்கு வந்துவிடு. கடைசி நிமிஷத்தில் குறுக்கே வெட்டாதே. அங்கிருந்து கள்ளக்குறிச்சி, சின்னசேலம், தலைவாசல், ஆத்தூர், வாழப்பாடி. முன்னால் இது 68ஆம் நம்பர் தேசிய நெடுஞ்சாலை, இப்போது 79. இந்த ரோட்டில் ஒரு கோணல் உண்டு. நாலுவழிச் சாலை என்று பெயர் வைத்துச் சுங்கமும் வாங்கிக்கொண்டு, ஊர்களைச் சுற்றிப் போகிற புறவழிகளை மட்டும் பல வருஷம் இருவழியாகவே விட்டிருந்தார்கள். நாலுவழியில் நூறில் வந்த டிரைவருக்குத் திடீரென்று நடுவில் தடுப்பு இல்லை, எதிரில் பஸ். எத்தனை குடும்பம் அதில் போனது! பிறகுதான் அகலப்படுத்த ஆரம்பித்தார்கள். நீ எப்படிப் பார்த்தாலும் புறவழி தொடங்குகிற இடத்தில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடு.

சுங்கச்சாவடி வீரசோழபுரம், நத்தக்கரை, மேட்டுப்பட்டி என்று வரும். 2025 ஆகஸ்டில் வந்த ஃபாஸ்டாக் வருஷ பாஸ் எடுத்துவிட்டாயா? ஆரம்பத்தில் 3,000 ரூபாய்க்கு 200 தடவை. உன்னை மாதிரி வருஷத்துக்கு ஒரு தடவை வெளியே வருகிறவனுக்கு அது நஷ்டம்தான். பையனோடு சேர்ந்து கணக்குப் போட்டுப் பார். வழியில் வண்டி நின்றுவிட்டால் 1033-க்கு அடி. இது நெடுஞ்சாலைக்கென்றே உள்ள நம்பர், போனில் இப்போதே போட்டு வைத்துக்கொள்.

இனிதான் முடிவு எடுக்க வேண்டிய இடம். மின்னாம்பள்ளி தாண்டி அயோத்தியாப்பட்டணம் வரும். ஏற்காடு முதலில் என்றால் சேலத்துக்குள் வரவே வேண்டாம். அங்கேயே அரூர் ரோட்டில் திரும்பி, குப்பனூரில் மலைப்பாதையைப் பிடித்துவிடு. கொட்டச்சேடு வழியாக மேலே போய்விடலாம். நாம் படித்த காலத்தில் இதைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். கோரிமேடு, அடிவாரம், 20 கொண்டை ஊசி வளைவு, அதுதான் ஏற்காடு ரோடு. இப்போது விடுமுறை நாளில் அந்த வளைவுகளில் கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். கோடை விழா நேரத்தில் ஏறுவதற்கு ஒன்று, இறங்குவதற்கு ஒன்று என்று போலீஸே இரண்டு பாதையையும் பிரித்துவிடுவதுண்டு. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றபோதுதான், மலைக்கு இரண்டு வாசல் இருப்பதன் அருமை எல்லோருக்கும் தெரிந்தது. குப்பனூர்ப் பாதை குறுகலானது, எதிரில் வண்டி வந்தால் ஒதுங்க வேண்டும். தங்கச்சிக்கு வளைவில் தலை சுற்றும் என்றால் இதுவே தேவலை.

எங்கள் வீடு முதலில் என்றால், உடையாப்பட்டியில் ஊருக்குள் நுழையாமல் பைபாஸில் சீலநாயக்கன்பட்டிக்கு வா. அதை அடுத்து கொண்டலாம்பட்டி. அங்கே 'பட்டர்பிளை பாலம்' என்று ஒன்று இருக்கிறது. மாப்ளே, அதை நீ ஒரு தடவை மேலேயிருந்து பார்க்க வேண்டும். காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரி போகிற 44ஆம் நம்பரும், அதிலிருந்து கொச்சிக்குக் கிளைக்கிற 544ஆம் நம்பரும் பிரிகிற இடம். நாம் 7, 47 என்று சொல்லிக்கொண்டிருந்த அதே ரோடுகள்தான். முன்பு அங்கே ரவுண்டானாவில் நாலு பக்கமும் லாரி முட்டிக்கொண்டு நிற்கும், ஹாரன் சத்தத்தில் பேச முடியாது. இப்போது யாரும் யாருக்காகவும் நிற்க வேண்டியதில்லை. ஆனால் வலப்பக்கம் போக வேண்டியவன் இடப்பக்கம் திரும்பி, ஒரு சுற்றுச் சுற்றி, தான் வந்த ரோட்டுக்கே மேலேயோ கீழேயோ கடந்து போக வேண்டும். புதிதாக வருகிற ஆளுக்கு இது மண்டையில் ஏறாது. வலது என்று கூகுள் சொல்லும், ரோடு இடது பக்கம் இழுக்கும். பாதிப் பேர் நடு ரோட்டில் பிரேக் போட்டு நின்று யோசிக்கிறார்கள். பின்னால் வருகிற டேங்கர் லாரிக்காரனுக்கு யோசிக்க நேரம் ஏது? உனக்குச் சொல்வது ஒன்றுதான். கோயம்புத்தூர் போர்டைப் பிடித்துக்கொண்டு வா. பெங்களூர் போர்டில் ஏறினால் கந்தம்பட்டிப் பக்கம் போய்விடுவாய். அப்படிப் போய்விட்டால் பதறிப்போய் ரிவர்ஸ் எடுக்காதே. அடுத்த இடத்தில் இறங்கித் திரும்பி வந்தால் கொஞ்சம் பெட்ரோல்தான் செலவு.

கோயம்புத்தூர் ரோட்டில் கொஞ்ச தூரத்தில் 1008 லிங்கம் கோயில் இருக்கிற குன்று தெரியும். அரியானூர் வந்துவிட்டது என்று அர்த்தம். பாலத்தின் மேலே ஏறாதே. கீழே சர்வீஸ் ரோட்டில் இறங்கி நின்று போன் பண்ணு. நான் வண்டியில் வந்து கூட்டிக்கொண்டு போகிறேன்.

இப்போது நீ எழுதியிருந்த அந்த இன்னொரு விஷயம். 'எட்டுவழிச் சாலை வந்திருந்தால் நான் வண்டலூரில் ஏறி உன் அரியானூரில் இறங்கியிருப்பேன், எதற்காக உங்கள் ஆட்கள் அப்படி எதிர்த்தார்கள்' என்று கேட்டிருந்தாய். சரியாகத்தான் கேட்கிறாய். 277 கிலோமீட்டர், பத்தாயிரம் கோடி ரூபாய், சேலத்திலிருந்து அரூர், திருவண்ணாமலை வழியாகச் சென்னை. 2018-இல் பூலாவரி, குப்பனூர், ராமலிங்கபுரம் பக்கமெல்லாம் தென்னந்தோப்புக்குள் கல் நட்டார்கள். 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் நில எடுப்பு அறிவிப்பை ரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், அறிவிப்பு செல்லும், ஆனால் சுற்றுச்சூழல் அனுமதி வாங்கித்தான் மேலே போக வேண்டும் என்றது. அதோடு கிடக்கிறது.

கிணறும் தோப்பும் போகிறதே என்ற வயிற்றெரிச்சல் ஒரு பக்கம், அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் குப்பனூர்ப் பக்கம் எங்கள் சொந்தக்காரப் பெரியவர் ஒருத்தர் கேட்டது வேறு. "ரோடு என் தோட்டத்து நடுவுல போகுது, சரி. நான் அதுல எங்க ஏர்றது?" என்றார். யாரும் பதில் சொல்லவில்லை. யோசித்துப் பார். வேகமாகப் போவதற்கென்று போடுகிற சாலையில் கண்ட இடத்தில் ஏற விட முடியாது, இறங்கவும் விட முடியாது. ஏறுமிடம் கூடக் கூட வேகம் குறையும், விபத்து கூடும். அதனால் இரண்டு பக்கமும் வேலி போட்டு, ரொம்ப தூரத்துக்கு ஒரு வழிதான் விடுவார்கள். உனக்கும் எனக்கும் அது லாபம். நடுவில் நிலம் கொடுத்தவனுக்கு, காலையில் நடந்து போன மேல்தோட்டத்துக்கு இனி சுற்றிப் போக வேண்டும். வேலிக்கு அந்தப் பக்கம் கார்கள் பறப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்கலாம், அவ்வளவுதான். பாதையின் கோட்டை வரைகிற அன்றைக்கே, எந்தெந்த ஊரில் இறங்கலாம், எங்கே அடியில் டிராக்டர் போகிற உயரத்துக்குப் பாலம் விடுவோம் என்று ஊர்ச் சாவடியில் வந்து காட்டியிருந்தால் பாதிச் சண்டை குறைந்திருக்கும் என்பது என் கட்சி. நஷ்ட ஈட்டுத் தொகையைப் பற்றி மட்டும் பேசினார்கள்.

நான் ரோடே வேண்டாம் என்கிற ஆள் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் ஓரத்தில் 544-இல் மீடியனை வெட்டி ஒரு வழி இருந்தது. பால் கேனோடு வருகிறவர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லோரும் அதில்தான் குறுக்கே பாய்வார்கள். மூட வேண்டும் என்று பேச்சு வந்தபோது ஊரே மறியலுக்குக் கிளம்பியது. நான் மூடச் சொன்னேன், அதற்காக என்னோடு பேசாதவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மூடினார்கள். நல்லதுதான் நடந்தது. ஆனால் அடுத்த சுரங்கப்பாதை வரை போய்த் திரும்பி வரச் சோம்பல்பட்டு, சர்வீஸ் ரோடு முடிகிற இடத்தில் எதிர்த்திசையிலேயே டிவிஎஸ் ஐம்பதை ஓட்டிக்கொண்டு வருகிறார்கள். மழை பெய்தால் சுரங்கப்பாதையில் முழங்கால் தண்ணீர், அப்போது அவர்களையும் என்ன சொல்வது?

பஸ் கதை இன்னும் மோசம். போன மாதம் கோயம்புத்தூர் பஸ்ஸில் ஏறி சங்ககிரி டிக்கெட் கேட்டேன். "பைபாஸ்ல எறங்கிக்கறீங்களா, ஊருக்குள்ள போகாது" என்றார் கண்டக்டர். இரவு ஒன்பதரை மணிக்குப் பாலத்தின் நெற்றியில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். நான் போன் பண்ணி ஆள் வரவழைத்தேன். கூட இறங்கிய பெண் கைக்குழந்தையோடு இருட்டில் சர்வீஸ் ரோட்டைத் தேடிக்கொண்டு நடந்தது. அந்தப் பெண்ணையும் எங்கள் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்ப் பஸ் ஸ்டாண்டில் விட்டோம். நாம் ஜன்னலோரம் உட்கார்ந்து கொய்யாப்பழம் வாங்கித் தின்ற சங்ககிரி பஸ் ஸ்டாண்டு இப்போது அந்த நேரத்தில் காலியாகக் கிடக்கிறது. வியாபாரமெல்லாம் பிரிவு ரோட்டு முனைக்குப் போய்விட்டது. பரோட்டாக் கடை, பஞ்சர் கடை, மனை விற்கிற போர்டு, எல்லாம் அங்கேதான்.

கோயம்புத்தூர் போவதற்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வைகுந்தம் சுங்கம், சங்ககிரி, குமாரபாளையம், காவிரிப் பாலம். கூடுதுறையில் குளிக்க வேண்டும் என்று தங்கச்சி சொன்னால் பவானியில் இறங்கு, இல்லாவிட்டால் நேராகப் போ. ஈரோட்டுக்காரர்கள் சித்தோட்டிலோ பெருந்துறையிலோ பிரிவார்கள், உனக்கு அந்த வேலை இல்லை. கவனிக்க வேண்டிய ஒரே இடம் நீலாம்பூர். நேரே இழுத்துக்கொண்டு போகிற எல் அண்ட் டி பைபாஸில் ஏறிவிட்டால் மதுக்கரை, பாலக்காடு என்று போய்விடும். பீளமேடு போக நீ அவிநாசி ரோட்டைப் பிடிக்க வேண்டும். பெரியவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன், மத்தியானச் சாப்பாடு அங்கேதான்.

ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் மட்டும் ஏற்காட்டிலிருந்து இறங்காதே. வெள்ளிக்கிழமை கிளம்பி வந்தால் எல்லாம் சரியாக இருக்கும். ஆட்டையாம்பட்டி கைமுறுக்கு முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும், எத்தனை கிலோ என்று தங்கச்சியிடம் கேட்டு எழுது. தேதி முடிவானதும் ஒரு போன் பண்ணிவிடு, கடிதத்துக்குக் காத்திருந்தால் நீ வந்து போன பிறகுதான் எனக்குத் தெரியும்.

மற்றவை நேரில்.

அன்புடன்,
உன் மச்சான்