ஆம்புலன்ஸ் இல்லாத மைதானத்தில் விசில் ஊதாதீர்கள்

அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்தின் தலைவர் திரு. கல்யாண் சௌபே அவர்களுக்கும் செயற்குழு உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

பெங்களூரில் பிறந்து வளர்ந்து, இந்த ஊர் லீக் ஆட்டங்களைப் பார்த்துப் பார்த்தே தலை நரைத்த ஒரு தமிழ் ரசிகன் எழுதுகிறேன். உங்களிடம் கேட்பது ஒன்றுதான். இந்தியாவில் எந்தப் பதிவு பெற்ற கால்பந்து ஆட்டமும், அது கோப்பை இறுதி ஆட்டமோ மாவட்ட லீகின் மூன்றாம் டிவிஷனோ, மைதானத்துக்குள் ஓர் ஆம்புலன்ஸும் பக்கவாட்டுக் கோட்டருகே, நின்ற இதயத்துக்கு மின் அதிர்ச்சி கொடுக்கும் டிஃபிப்ரிலேட்டர் கருவி ஒன்றும் அதை இயக்கத் தெரிந்த ஓர் ஆளும் இல்லாமல் தொடங்கக் கூடாது. இல்லையென்றால் நடுவர் விசில் ஊதக் கூடாது. இந்த விதியைப் போடுங்கள். ஏன் என்று கேட்டால், ஒரு பிரேசில் ஸ்ட்ரைக்கரின் கதையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

அந்தப் பிரேசில்காரர் கிறிஸ்டியானோ ஜூனியரை உங்களில் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். 2003-04 சீசனில் கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் கிளப் தேசிய லீகை வென்றபோது அவர் அடித்தது 15 கோல்கள். அந்த லீகில் அவ்வளவு கோல் வேறு யாரும் அடிக்கவில்லை. கொல்கத்தா ரசிகர்களுக்கு பிரேசில் ஆட்டக்காரர்கள் புதிதல்ல. 1999-ல் போர்ட்டோ அலெக்ரேவைச் சேர்ந்த பாரெட்டோ மோகன் பகானுக்கு வந்து, அந்தக் கிளப்பின் செல்லப்பிள்ளையாகவே ஆகிவிட்டிருந்தார். ஆனால் எதிரணியான ஈஸ்ட் பெங்காலுக்கு ஒரே சீசனில் இப்படி ஒருவர் கிடைத்தது பெரிய விஷயம். அடுத்த சீசனில் கோவாவின் டெம்போ அவரை அழைத்துக்கொண்டது. அதற்கு அந்தக் கிளப் கொடுத்த தொகை அன்றைய இந்தியக் கால்பந்தில் பெரிய பேச்சாக இருந்தது. அப்போது அவருக்கு 25 வயது. பிரேசிலில் இடம் கிடைக்காத ஆயிரக்கணக்கான ஸ்ட்ரைக்கர்கள் உலகம் முழுக்க அலைந்து தேடும் இடம், அவருக்கு இங்கே கிடைத்திருந்தது.

2004 டிசம்பர் 5, ஞாயிற்றுக்கிழமை. பெங்களூர் ஸ்ரீ கண்டீரவா மைதானம். ஃபெடரேஷன் கோப்பை இறுதி ஆட்டம், டெம்போவும் மோகன் பகானும். டெம்போ 2-0 என்று வென்றது. இரண்டு கோலும் கிறிஸ்டியானோ அடித்தவை. 78-ஆவது நிமிடத்தில் இரண்டாவது கோல். கோல்கீப்பர் முன்னேறி வருவதற்குள் பந்தை வலைக்குத் திருப்பிவிட்டார், இருவரும் மோதிக்கொண்டார்கள், கிறிஸ்டியானோ விழுந்தார். சக வீரர்கள் வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுத்துப் பார்த்தார்கள். மருத்துவமனைக்குக் கொண்டுபோனபோது உயிர் இல்லை. இதயம் நின்றுவிட்டிருந்தது.

அவர் போட்டிருந்த 10-ஆம் எண் சட்டையை இனி யாருக்கும் கொடுப்பதில்லை என்று டெம்போ முடிவெடுத்தது. அந்த சீசனின் தேசிய லீகையும் டெம்போ வென்றது. ஒரு கிளப்பால் செய்ய முடிந்ததை அவர்கள் செய்தார்கள்.

சம்மேளனம் என்ன செய்தது? மைதானத்தில் அவசர சிகிச்சை ஏற்பாடு எவ்வளவு மோசமாக இருந்தது என்று அப்போதே நாடெங்கும் பேசினார்கள், எழுதினார்கள். ஆனால் நடவடிக்கை என்று எங்களைப் போன்ற ரசிகர்களுக்கு நினைவில் நிற்பது, மோகன் பகான் கோல்கீப்பர் சுப்ரதா பாலுக்கு விதித்த தடைதான். அப்போது அவர் மீசை கூட சரியாக முளைக்காத பையன். ஒரு மனிதன் இறந்த பாரத்தை அந்த வயதில் ஊர் முழுக்க அவர் தலைமேல் வைத்தது. 2011 ஆசியக் கோப்பையில், தோஹாவில், தென்கொரியாவின் உதைகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தடுத்து அவர் பேர் வாங்கியபோது எனக்குக் கண் கலங்கியது. இவரையா அன்று குற்றவாளிக் கூண்டில் நிறுத்தினோம்? தலைவர் அவர்களே, நீங்களும் கோல் காத்தவர். தனியாக ஓடி வரும் ஸ்ட்ரைக்கரின் காலடிக்குப் பாய்வது கோல்கீப்பரின் வேலை என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இதையும் பாருங்கள். கிறிஸ்டியானோ இறப்பதற்கு 39 நாட்கள் முன்பு, 2004 அக்டோபர் 27-ஆம் தேதி, அவருடைய சொந்த நாட்டில் சாவோ பாலோவின் மொரும்பி மைதானத்தில் சாவோ கயெட்டானோ அணியின் தடுப்பாட்டக்காரர் செர்ஜின்யோ ஆட்டத்தின் நடுவே சுருண்டு விழுந்து இறந்தார். அவருடைய இதயத்தில் கோளாறு இருப்பது முன்பே பரிசோதனையில் தெரிந்திருந்தும் ஆட வைத்தார்கள் என்று விசாரணையில் வந்தது. பிரேசிலின் விளையாட்டு நீதிமன்றம் அந்தக் கிளப்பின் கணக்கிலிருந்து 24 புள்ளிகளை வெட்டியது. கிளப் தலைவருக்கும் மருத்துவருக்கும் தடை விதித்தது. இரண்டு சாவுகளும் ஒரே மாதிரியானவை அல்ல, தெரியும். ஆனால் அங்கே கேள்வி நிர்வாகத்தை நோக்கிப் போனது. இங்கே எதிரணிப் பையனை நோக்கிப் போனது. யாரைக் கேட்கிறோமோ அவர்கள்தான் திருந்துவார்கள். நாம் நிர்வாகத்தைக் கேட்கவில்லை. நிர்வாகமும் திருந்தவில்லை.

திருந்தவில்லை என்று நான் கோபத்தில் சொல்லவில்லை. 2012 மார்ச் 17 அன்று லண்டனில் எஃப்.ஏ. கோப்பை ஆட்டத்தில் போல்டன் அணியின் ஃபேப்ரிஸ் முவாம்பா விழுந்தார். மைதானத்திலேயே மருத்துவர்கள் இருந்தார்கள். பார்வையாளராக வந்திருந்த இதய மருத்துவர் ஒருவரும் இறங்கி ஓடினார். 78 நிமிடம் இதயம் தானாகத் துடிக்கவில்லை, ஆனாலும் பிழைத்தார். சரியாக நான்கு நாள் கழித்து, மார்ச் 21 அன்று, இதே பெங்களூரில், மாவட்ட லீகில் பெங்களூர் மார்ஸ் அணிக்கு ஆடிக்கொண்டிருந்த டி. வெங்கடேஷ் விழுந்தார். வயது 27. மைதானத்தில் ஆம்புலன்ஸ் இல்லை. ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மருத்துவமனை போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்துவிட்டது. கிறிஸ்டியானோ இறந்த அதே ஊர், ஏழு வருடம் கழித்து.

இது எங்கள் ஊர் என்பதால் கூடுதலாக உறுத்துகிறது. அல்சூர் கௌதமபுரத்துக்கு நீங்கள் வந்ததுண்டா? தமிழ் பேசும் உழைக்கும் மக்கள் வாழும் பகுதி. அங்கே அம்பேத்கர், புத்தர், அன்னை தெரசா சிலைகளோடு பெலேவுக்கும் சிலை வைத்திருக்கிறார்கள். உலகக் கோப்பை வந்தால் தெருவே மஞ்சள் பச்சை ஆகிவிடும். அப்படிப்பட்ட ஊருக்கு உண்மையிலேயே ஒரு பிரேசில்காரர் வந்து இரண்டு கோல் அடித்தார். அவரைப் பிணமாகத் திருப்பி அனுப்பினோம்.

சரி, இப்போது நிலைமை மாறிவிட்டது என்பீர்கள். தேசிய அளவிலான லீக் ஆட்டங்களில் மாறியிருக்கிறது, மறுக்கவில்லை. சீசன் தொடங்கும் முன் இதயப் பரிசோதனை செய்கிறார்கள். 2019-ல் இளம் தடுப்பாட்டக்காரர் அன்வர் அலியின் இதயக் கோளாறு அப்படித்தான் தெரிய வந்தது. மருத்துவர்கள், நீதிமன்றம் என்று ஒரு பெரிய சுற்றுச் சுற்றி அவர் மறுபடி ஆட வந்ததும், இந்தியச் சட்டையைப் போட்டதும் நல்ல செய்திதான். ஆனால் இந்தியாவில் கால்பந்து ஆடுகிறவர்களில் எத்தனை பேர் டிவியில் தெரிகிறார்கள்? நான் சொல்வது மீதிப் பேரை.

அண்மையில் நான் பார்த்த ஒரு மாவட்ட ஆட்டத்தைச் சொல்கிறேன், எந்த ஊர் என்பது வேண்டாம். ஆம்புலன்ஸ் இருந்தது. கேட்டுக்கு வெளியே. கேட்டில் பூட்டு, பூட்டுக்கு முன்னால் வரிசையாக பைக்குகள். டிரைவர் டீக்கடையில். பெஞ்சில் மருத்துவ உதவி என்று இருந்தது ஒரு ஐஸ் பெட்டியும் வலிக்கு அடிக்கும் ஸ்ப்ரேயும்தான். இரண்டாம் பாதியில் ஒரு பையன் தலை மோதி விழுந்தான். முதலில் முகத்தில் தண்ணீர் அடித்தார்கள். கை லேசாக வெட்டி இழுத்ததும் வலிப்பு என்று யாரோ கத்த, இன்னொருவர் பைக் சாவிக்கொத்தை அவன் உள்ளங்கையில் திணித்தார். நல்ல வேளை, அவன் எழுந்துவிட்டான். கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை, அவ்வளவுதான். இதயம் நின்று போனவருக்கும் முதல் சில நொடிகள் கை கால் வெட்டும், திணறித் திணறி மூச்சு வருவது போல இருக்கும். அதை வலிப்பு என்று நினைத்தால் அந்த உயிர் போய்விடும்.

கூப்பிட்டால் பதில் இல்லை, மூச்சு சீராக இல்லை என்றால் இதயம் நின்றுவிட்டது என்றே எடுத்துக்கொண்டு நெஞ்சின் நடுவில் அழுத்தத் தொடங்க வேண்டும். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஐந்து சென்டிமீட்டராவது உள்ளே போகும்படி. அப்புறம் அந்த டிஃபிப்ரிலேட்டர் பெட்டி. வேர்வையைத் துடைத்துவிட்டு நெஞ்சில் வலது காறை எலும்புக்குக் கீழே ஒரு பட்டை, இடது விலாவில் ஒரு பட்டை ஒட்டினால் போதும். மின்சாரம் தேவையா இல்லையா என்பதை அந்தக் கருவியே பார்த்துச் சொல்லும். தேவையில்லையென்றால் எவ்வளவு அமுக்கினாலும் கொடுக்காது. அதனால் லைன்ஸ்மேனும் இயக்கலாம், தண்ணீர் கொடுக்கும் பையனும் இயக்கலாம். ஒவ்வொரு நிமிடத் தாமதத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. பெங்களூர் டிராஃபிக்கில் பத்து நிமிடத்தில் எந்த மருத்துவமனைக்குப் போவது? 2021-ல் கோபன்ஹேகனில் ஆட்டத்தின் நடுவே இதயம் நின்று விழுந்த டென்மார்க் வீரர் எரிக்சனைப் புல்தரையிலேயே பிழைக்க வைத்தார்கள். மூன்று வருடம் கழித்து யூரோ போட்டியில் அவர் கோல் அடித்தார். அந்தக் கருவியின் விலை நம் ஊரில் சுமார் ஒரு லட்சம் ரூபாய். ஒரு மைதானத்துக்கு ஒன்று வாங்கினால் பல வருடம் வரும்.

வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் விஷயத்தில் இன்னொன்றும் இருக்கிறது. கிளெய்ட்டன் சில்வாவை எடுத்துக்கொள்ளுங்கள். பிரேசிலில் தொடங்கி, தாய்லாந்தில் நான்கைந்து கிளப்கள், நடுவில் சீனா, மெக்சிகோ, பிறகு பெங்களூர், அப்புறம் ஈஸ்ட் பெங்கால். தாய்லாந்து லீகில் நூறு கோல் அடித்த முதல் வெளிநாட்டுக்காரர். இப்படி ஊர் ஊராகப் போகிறவரின் கோல் கணக்கை எல்லோரும் வைத்திருக்கிறோம். அவருடைய இதயப் பரிசோதனைத் தாள்கள் ஒரே இடத்தில் இருக்கின்றனவா? ஒவ்வொரு கிளப்பிலும் புதிய மருத்துவர், புதிய மொழி, ஒரு வருட ஒப்பந்தம். மார்பு வலிக்கிறது என்று சொன்னால் அடுத்த ஒப்பந்தம் போய்விடுமோ என்ற பயம் வேறு. பெரிய கிளப்பில் இருப்பவரை விடுங்கள். இரண்டாம் நிலை அணிகளுக்கு ஏஜென்ட்டை நம்பி வந்து, லாட்ஜில் தங்கி ஆடும் ஆப்பிரிக்க, பிரேசில் பையன்களை நினைத்துப் பாருங்கள். ஆட்டக்காரரைப் பதிவு செய்ய உங்களிடம் ஏற்கனவே கணினி முறை இருக்கிறது. பெயர், பழைய கிளப் எல்லாம் கேட்கும் அதே இடத்தில் இதயப் பரிசோதனை அறிக்கையையும் கட்டாயமாக்குங்கள். ஆட்டத்தன்று இரு அணி மருத்துவக் குறிப்புகளும் ஆட்டத்தை மேற்பார்வையிடும் மேட்ச் கமிஷனர் கையில் இருக்கட்டும்.

பணம் இல்லை என்று மாநிலச் சங்கங்கள் சொல்லும். சின்ன சங்கங்களைப் பொறுத்தவரை அது உண்மைதான். அதனால் உத்தரவு மட்டும் போட்டுவிட்டு ஒதுங்காதீர்கள், கருவியை நீங்களே வாங்கிக் கொடுங்கள். முதல் வருடம் எல்லா மாவட்டத்துக்கும் முடியாவிட்டால் அதிக ஆட்டம் நடக்கும் மைதானங்களில் தொடங்குங்கள். நடுவர் உரிமம் புதுப்பிக்க வரும் ஒவ்வொருவருக்கும் அரை நாள் நெஞ்சு அழுத்தும் பயிற்சி கொடுங்கள். எந்த மைதானத்தில் கருவி இருக்கிறது, கடைசியாக எப்போது சோதித்தார்கள் என்ற பட்டியலை எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுங்கள். மகனை லீகுக்கு அனுப்பும் தாய்க்கு அது தெரிய வேண்டும்.

கேரளத்தில் அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் ஆட்டங்கள் உங்கள் கட்டுப்பாட்டில் இல்லை என்பதும் தெரியும். ஆனால் 2019 டிசம்பரில் பெரிந்தல்மண்ணாவில் செவன்ஸ் ஆடும்போது விழுந்து இறந்த தனராஜன், ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான், முகமதன் ஸ்போர்ட்டிங் மூன்றுக்கும் ஆடியவர். உங்கள் லீகில் வளர்ந்தவர்கள்தான் அங்கேயும் போகிறார்கள். செவன்ஸ் நடத்துபவர்களோடு உட்கார்ந்து பேசுங்கள்.

விதி வரும்போது அதற்குக் கிறிஸ்டியானோ ஜூனியர் பெயரையும் டி. வெங்கடேஷ் பெயரையும் சேர்த்து வையுங்கள். அடுத்த சீசனின் ஆட்டக்காரர் பதிவு தொடங்கும் முன் உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
அல்சூரிலிருந்து ஒரு கால்பந்து ரசிகன்